இரண்டு மணிக்கட்டுகள்

ஒருவரைப் பிடித்து நிறுத்தினால் இன்னொருவர் அடிப்பதை எப்படித் தடுப்பது என்று ஜூடோ பயிற்சியாளர் தமயந்திக்கு விளங்கவில்லை. மகளுக்குக் காது குத்தும்போது, தாய்மாமன் மடியில் உட்காரவேண்டிய குழந்தையைக் கணவன் குணசீலன் தன் அண்ணன் மடியில் உட்கார வைத்துவிட்டான். தாய்மாமனான தமயந்தியின் தம்பி தவசி குணசீலன்மேல் பாய்ந்தான். அவள் தம்பியின் கையைப் பின்னால் மடக்கிப் பூட்டினாள். தோள் பூட்டப்பட்டால் உடம்பு திரும்பாது, முகம் விலகாது. அந்த முகத்தில் குணசீலன் குத்தினான்.

"அவரு அடிக்கறதுக்கு வாகா புடிச்சுக் குடுக்கறியாக்கா?" என்றான் தவசி.

தம்பியை விட்டுவிட்டுக் கணவனைப் பூட்டினாள். இப்போது தவசி குத்தினான்.

"நல்லா புடி. உன் தம்பிக்குக் கை வலிக்கப் போவுது," என்றான் குணசீலன், மூக்கில் ரத்தத்தோடு.

குழந்தை வீறிட்டது. அவள் இருவருக்கும் நடுவில் போய் நின்று இரண்டு கைகளையும் விரித்தாள். "விலகுடி!" என்று ஒரு மணிக்கட்டைக் கணவன் பிடித்தான். "விலகுக்கா!" என்று மற்றதைத் தம்பி பிடித்தான். எந்தப் பிடியும் கட்டைவிரல் பக்கம் பலவீனமானது. அந்தப் பக்கம் திருப்பினால் கை விடுபட்டுவிடும். அவள் திருப்பவில்லை. முழங்காலை மடக்கி எடையைத் தாழ்த்தினாள். அதனால் அவளை இழுக்க இருவருக்கும் இரண்டு கைகளும் வேண்டியிருந்தன. அவளை இழுத்துக்கொண்டிருக்கும் வரை அவர்களால் ஒருவரையொருவர் அடிக்க முடியாது.