ஒரு குழிக்கு இரண்டு வீடு

ராஜகிரி மலையின் நிழல் அடிவாரத்தில் சுருங்கிக்கொண்டே வருகிறது. மரம் நடும் விழாவுக்குப் பிள்ளைகளோடு பெற்றவர்களையும் வரச்சொன்ன மனோரமா டீச்சர், கடைத்தெரு வீடு ஒன்று, சேரி வீடு ஒன்று என்று ஒவ்வொரு குழிக்கும் ஜோடி சேர்த்திருக்கிறாள். ஒருத்தர் கன்றைப் பிடிக்க, மற்றவர் தண்ணீர் ஊற்ற வேண்டும். மளிகைக்கடை ஞானம்பாள் புங்கங்கன்றை விரல் நுனியால் பிடித்துக் குந்தியிருக்கிறாள். எதிரே சேரியிலிருந்து வந்த நாகம்மாள், இடுப்பில் மண்குடத்தோடு தயங்குகிறாள். இருவர் பிள்ளைகளும் சேற்றுக் கையோடு ஒரே குழிக்குள் மண் தள்ளுகிறார்கள். "கைய எடுத்துக்கம்மா, தண்ணி மேல பட்டுடும்" என்கிறாள் நாகம்மாள். "எடுத்தா கன்னு சாஞ்சிடுமே." நாகம்மாள் எட்ட நின்றே குடத்தைச் சாய்க்கிறாள், தண்ணீர் குழிக்கு வெளியே விழுந்து புழுதியில் உருள்கிறது. டீச்சரின் உதட்டில் விசில் ஊதப்படாமல் இருக்கிறது; குழி, கன்று, வரிசை எல்லாவற்றையும் யோசித்தவளிடம் இந்தக் குடத்துக்கு மட்டும் ஏற்பாடு இல்லை. ஞானம்பாள் ஒரு தடவை கடைத்தெருப் பெண்கள் பக்கம் பார்க்கிறாள். பிறகு கன்றின் தண்டை முழுக் கையால் பற்றிக்கொள்கிறாள். அடுத்த வீச்சுத் தண்ணீர் அவள் வளையல்களை நனைத்து, முழங்கை வழியாகச் சொட்டுகிறது. நாகம்மாள் பதறிக் குடத்தை நிமிர்த்துகிறாள்.

"இன்னா நிறுத்திட்ட? கிட்ட வந்து ஊத்து நாகம்மா. வேரு இன்னும் நனையல."