ஜூலையில் எடுத்த படம்

மொன்டானாவில் கன்றுகளுக்குச் சூட்டுக்குறி போட்டுக்கொண்டிருந்த ஜூலை மாதத்தில், பண்ணை பண்ணையாகப் போய்ப் படம் எடுக்கும் கார்லிஸ் அம்மா குதிரையில் கேமராவைக் கட்டிக்கொண்டு வந்து மாடு மேய்க்கும் எங்கள் ஆறு பேரையும் வேலியோரம் நிறுத்திப் படம் எடுத்தார். வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மறுவாரம் படத்தைக் கொண்டுவந்து தயங்கித் தயங்கித்தான் நீட்டினார். படத்தில், பனிக்காலத்தில் வருவதுபோல எங்கள் வாயிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. எம்மெட் மட்டும் மூச்சே விடாதவன்போல நின்றான்.

"திரும்பத் திரும்ப அச்சுப் போட்டுப் பாத்துட்டேன்ப்பா, இப்படியேதான் வருது," என்றார்.

எம்மெட்டுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களாடா, என் மூஞ்சிதான் பளிச்சுனு இருக்கு! எங்க அக்காவுக்கு ஒண்ணு அனுப்பணும்மா."

"வேலைய விட்டுட்டு அவங்ககிட்டயே போயிடேன்டா," என்றேன்.

"ஏன், என் குதிரை மேல உனக்குக் கண்ணா?"

படத்தில் அவன் வாயை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

அக்டோபரில் முதல் உறைபனி விழுந்த காலை, சேணம் கட்டும்போது எங்கள் வாயிலும் குதிரைகளின் மூக்கிலும் ஆவி பறந்தது. ஒவ்வொருவராக வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தோம்.

"என்னடா, எல்லாரும் என் வாயவே பாக்குறீங்க?" என்று கேட்டான் எம்மெட். பேசி முடிக்கும்வரை ஆவி எதுவும் மறைக்காமல் அவன் முகம் பளிச்சென்று தெரிந்தது.