யாழியின் பதில்

எங்கள் இணையச் சித்திரக்கதைக்கு நான் படம் வரைவேன். வரைந்த முகங்களைப் பார்த்து என் மனைவி நித்திலா வசனம் எழுதுவாள். அவள் இறந்தபோது, கதையின் விண்வெளி வீரர்களான அகரனும் யாழியும் சண்டையில் இருந்தார்கள். கப்பலுக்கு வெளியே கதவைப் பிடித்தபடி அகரன் மன்னிப்புக் கேட்டிருந்தான். உள்ளே யாழியின் தலைக்கு மேல் பேச்சுக்குமிழ் காலியாக இருந்தது.

“மன்னிச்சிட்டேன்னு போட்டுச் சேத்து வச்சிடுங்க மாமா. படிக்கிறவங்க எல்லாம் அதைத்தான் கேக்குறாங்க,” என்றாள் மைத்துனி குழலி.

“உங்க அக்கா அவ்வளவு சீக்கிரம் இறங்கி வரமாட்டா.”

“நான் யாழியைச் சொன்னேன் மாமா.”

எழுதிப் பார்த்தேன். முகத்தோடு ஒட்டவில்லை. புருவத்தைத் தளர்த்தி உதட்டை மாற்றினேன். இப்போது வசனம் பொருந்தியது. ஆனால் திரையில் இருந்தது யாரோ ஒரு பெண். எழுந்து அறைக்குள் நடந்தேன். தண்ணீர் குடித்தேன். திரும்ப வந்து பழைய முகத்தைக் கொண்டுவந்தேன், வசனத்தை அழித்தேன். அடுத்த கட்டத்தில் அகரனைக் கதவோரம் உட்காரவைத்தேன்.

குழலி எட்டிப் பார்த்தாள். “ஆக்சிஜன் தீர்ந்துடுமே மாமா.”

“அவ திறக்கட்டும்,” என்றேன்.