வெளிச்சம் பட்ட ஃபிலிம்

இருட்டில் கத்தரிக்கோல் கைக்கு அகப்படவில்லை. குளியலறைக் கதவை வெளியிலிருந்து அவள் புருஷன் தட்டிக்கொண்டிருந்தான்.

"என்னடி பண்ற உள்ள?"

"குளிக்கிறேன்."

"தண்ணி சத்தமே காணோமே."

அவள் துழாவிக் குழாயைத் திறந்துவிட்டாள். காலடியில் ஏதோ ஜில்லென்று இடித்தது. கத்தரிக்கோல்தான். குனிந்து எடுத்துக்கொண்டாள்.

ஆபீஸ் போனவன் மத்தியானமே திரும்பி வருவான் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. யார் போன் பண்ணி வரவழைத்திருப்பார்கள் என்பது மட்டும் தெரிந்தது. வீட்டில் இருந்த இன்னொரு ஜீவன் மாமியார்தான்.

மடியில் ஒரு ரோல் கறுப்பு வெள்ளை ஃபிலிம். அவன் கை நீட்டிய ஒவ்வொரு முறையும், அவன் வெளியே போனதும், ஜன்னலோரம் கேமராவை வைத்துத் தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படங்கள். போனில் எடுத்தால் நோண்டிப் பார்த்து அழித்துவிடுவான். குருவியும் இலையும் எடுக்கிற இந்தப் பழைய கேமராவை அவன் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. இப்போதுதான், "அந்த டப்பால அப்படி என்ன எடுக்குற?" என்று அலமாரிகளைக் குடைய ஆரம்பித்திருந்தான்.

ஊருக்கெல்லாம் அவன் தங்கமான மனுஷன். அந்தத் தங்கம் வீட்டுக்குள் என்ன செய்யும் என்று வாயால் சொன்னால் போதாது, ஏதாவது ஆதாரம் வேண்டும் என்று வக்கீலம்மா நேற்றுத்தான் சொல்லியிருந்தார். இருக்கிற ஒரே ஆதாரம் தலையணைக்குள் ஒளித்து வைத்திருந்த இந்த ரோல். ஸ்டுடியோவில் கொடுத்தால் ஒரே நாளில் அவன் காதுக்குப் போய்விடும்.

அதனால்தான் வழக்கம்போல வீட்டிலேயே கழுவ உட்கார்ந்தாள். குளியலறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடியாகிவிட்டது; டெவலப்பர், வினிகர் தண்ணீர், ஃபிக்ஸர் எல்லாம் வரிசையாகத் தயார். ஃபிலிமை ரீலில் சுற்றி, வெளிச்சம் புகாத கழுவுகிற டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டால், அப்புறம் சூரியனே உள்ளே வந்தாலும் கவலையில்லை. அதுவரை துளி வெளிச்சம் பட்டாலும் அத்தனையும் பாழ்.

மற்ற நாளில் மாமியார்தான் குளியலறை வாசலில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்து நேரம் சொல்வார். பொழுது போகாவிட்டால், பழகுவதற்கென்று அவள் வைத்திருந்த வீணான ரோலை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ரீலில் சுற்றிப் பார்ப்பார். நேற்றுச் சாயங்காலம் காபி கொடுத்தபோது அவர் கையில்கூட வினிகர் வாடை அடித்தது. கண்ணாடி துடைத்தாராம்.

அவள் ரோலின் மூடியை நெம்பினாள். எப்போதும் நகத்தைப் பதம் பார்க்கிற மூடி, இன்று தொட்டதும் கழன்று விழுந்தது. ஏதோ நல்லகாலம் என்று நினைத்துக்கொண்டு, ஃபிலிமின் முனையைக் கத்தரித்து ரீலில் செருகினாள்.

வெளியே மாமியாரின் குரல் கேட்டது.

"டேய், அவ குளிக்கல. அந்த ஃபிலிம் வேலைதான் பண்றா. உன்னப் பத்தி ஏதோ எடுத்து வெச்சிருக்கா போல."

ஃபிலிம் பாதிதான் ஏறியிருந்தது.

"அத்தை, வேணாம் அத்தை. உங்களக் கெஞ்சிக் கேக்கறேன்."

"சுவிட்சு இங்கதானே இருக்கு, லைட்டப் போடு," என்றார் மாமியார்.

பளீரென்று விளக்கு எரிந்தது. அவள் ரீலை நெஞ்சோடு அணைத்துக் குனிந்துகொண்டாள், அதனால் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தும். தாழ்ப்பாள் இரண்டு உதைக்குக்கூடத் தாங்கவில்லை. உள்ளே வந்தவன் ஃபிலிமைப் பிடுங்கி, விளக்குக்கு நேராகக் கடைசிவரை உருவினான்.

"இப்ப எடுத்துட்டுப் போ. யாருகிட்டக் காட்டணுமோ காட்டு," என்று சிரித்தான். அப்புறம் கையை ஓங்கினான்.

மாமியார் குறுக்கே வந்து நின்றார். "அதான் நாசமாயிடுச்சே, விடு. உனக்கு ஆபீசுக்கு நேரமாகல?"

பைக் கிளம்பிப் போனது. அது தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்துவிட்டுத்தான் மாமியார் திரும்பினார். அவள் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணேன் அத்தை?"

மாமியார் அவள் கையைப் பிடித்துத் தூக்கித் தன் அறைக்குக் கூட்டிப்போய், பீரோவைத் திறந்தார். துணிகளுக்கு நடுவே, அடியில் கிளிப் மாட்டிய ஒரு ஃபிலிம் நீளமாகத் தொங்கியது.

அவள் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நெகட்டிவில் அவள் முகம் கறுப்பாக இருந்தது. கன்றிப்போயிருந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது.

"நேத்து நீ வெளிய போனப்ப கழுவினேன். அவன் பாழாக்கினது தலையணைக்குள்ள நான் மாத்தி வெச்ச, நீ பழகற ரோலு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை. உயிரே போயிடுச்சு."

"சொல்லியிருந்தா அவன் காதுபட உனக்கு அப்படிக் கெஞ்ச வந்திருக்காது. அழிச்சாச்சுன்னு நம்பினாத்தான் அவன் தேடறத விடுவான். கெளம்பு, வக்கீலம்மா வீட்டுக்கு."

அவள் ஃபிலிமைச் சுருட்டினாள்.

"அவரு நீங்க பெத்த புள்ள அத்தை."

மாமியார் பீரோவைச் சாத்தினார்.

"அவங்கப்பன் எனக்குப் பண்ணதுக்கு என்கிட்ட ஒரு ஃபோட்டோகூட இல்லம்மா."