சந்தனம் காய்ந்த துப்பாக்கி

நடுவில் மடிந்து திறக்கும் பழைய கைத்துப்பாக்கி. ஆயுத பூசைதோறும் பூசிய சந்தனம் அதன்மேல் ஓடுபோல் காய்ந்திருந்தது.

“எங்க கொள்ளுத்தாத்தா மருதப்பர் வெள்ளைக்காரனைச் சுட்டது இதாலதான். அதுக்குத்தான் அவரைத் தூக்குல போட்டாங்க. மியூசியத்துல அவர் பேரோட வைங்க தங்கச்சி” என்றார் பூங்கோதை அக்கா.

குழலில் 1889 என்றிருந்தது. அது காப்புரிமை பெற்ற ஆண்டு. தயாரித்த ஆண்டென்றுதான் பலரும் நினைப்பார்கள். சந்தனத்தைச் சுரண்டி, தயாரித்த ஆண்டைக் காட்டிக்கொடுக்கும் வரிசை எண்ணைப் பார்த்தேன். சொல்லத் தயக்கமாக இருந்தது.

“அவரைத் தூக்குல போட்டுப் பத்து வருசம் கழிச்சுத்தான் இதைச் செஞ்சிருக்காங்க அக்கா.”

“அப்ப வீட்டுல ஆம்பளையே இல்லியே. அவர் சம்சாரம் சிட்டம்மா மட்டுந்தான்.”

இறுகிப்போயிருந்த கொக்கியை நீக்கித் துப்பாக்கியை மெல்ல மடித்தேன். தோட்டாக்கள் மேலெழுந்தன. ஒன்று மட்டும் வெடித்துத் தீர்ந்த வெறும் கூடு.

அக்கா அதையே பார்த்தார். “அவரைக் காட்டிக்கொடுத்த கணக்கனைப் பல வருசம் கழிச்சு யாரோ சுட்டுட்டாங்க. ஆளே அகப்படலைம்பாங்க.”

மியூசிய அட்டையில் யார் பெயரை எழுதுவது என்று கேட்டேன். நான் சுரண்டிப்போட்ட சந்தனத்தூளை அக்கா ஈரவிரலால் தொட்டு, துப்பாக்கியின் பிடியில் பொட்டாக வைத்தார்.