ஜேட்டுவுக்குத் தெரியக்கூடாது

மணிவேல் ஒருவரை ஏமாற்றுவதென்று இறங்கிவிட்டால், ஏமாறுகிறவரே டீ போட்டுக் கொடுத்து உபசரிப்பார். இது ஊர் சொன்னதல்ல. மணிவேலே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது.

இந்த முறை ஏமாறப் போகிறவர் வீட்டுக்காரர் சைதன்ய பாபு. மணிவேலின் அப்பா வங்காளத்தில் ரயில்வே வேலையில் இருந்த காலத்தில், கரியாஹாட் பின்சந்தில் இருக்கும் இவர் வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்குப் பிடித்தார். அன்று பேசிய வாடகைதான் இன்றைக்கும். அந்தக் காசில் சந்துமுனைக் கடையில் ரெண்டு பேர் எக் ரோல் சாப்பிடலாம். மூன்றாவது ஆள் வந்தால் கடன் சொல்ல வேண்டும்.

காலி செய்யச் சொல்லி அலிப்பூர் கோர்ட்டில் கேஸ் போட்டுப் பார்த்தார் சைதன்ய பாபு. பழைய குடித்தனக்காரனைக் கிளப்ப முடியாது என்று சட்டம் மணிவேல் பக்கம் நின்றது. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட ஆசைப்பட்ட பில்டர், புதுக் கட்டடத்தில் மணிவேலுக்கே ஒரு சின்ன ஃபிளாட் தருவதாகக் கெஞ்சினார். "பெருசாக் குடுத்தா யோசிக்கலாம்" என்று பல் குத்திக்கொண்டே சொல்லி அனுப்பினான் மணிவேல்.

அப்புறம்தான் போலந்து வேலை வந்தது. ஒரு பிஸ்கட் கம்பெனி. அவனுக்கு குடோன் சூப்பர்வைசர் வேலை, மனைவி ஜெயப்ரியாவுக்கு பேக்கிங் பிரிவில். இன்டர்வியூ போனிலேயே முடிந்தது. டெல்லியிலிருந்து தீபக் என்ற அதிகாரி அத்தனை நயமாகப் பேசினார்.

"விசாவைக் கண்ணால பாக்காம வீட்டைக் காலி பண்றது எனக்கென்னமோ சரியாப் படலீங்க" என்றாள் ஜெயப்ரியா.

"ஒத்தப் பைசா கேட்டானா?"

"இல்ல."

"காசு கேட்டாத்தானே ஃபிராடு? கேக்காதவன் எப்படி ஃபிராடாவான்? பாஸ்போர்ட்டுல விசா குத்தி, டிக்கெட்டோட ஏர்போர்ட் வாசல்ல தர்றேன்னு சொல்லிருக்கார். நீ போய் ஸ்வெட்டரை எடுத்து வை."

ஜெயப்ரியா ஸ்வெட்டரை எடுத்து வைத்தாள்.

மணிவேலின் திட்டம் இதுதான். எப்படியும் காலி செய்யத்தான் போகிறோம். அதையே ஜேட்டுவுக்காகச் செய்வதாகச் சொன்னால் கைக்கு ஒரு தொகையும் வரும், தியாகி என்ற பெயரும் வரும். ஜேட்டு என்றால் வங்காளத்தில் பெரியப்பா. சைதன்ய பாபுவை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். போலந்து சமாச்சாரம் மட்டும் அவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கிழவர் சல்லிக்காசு தரமாட்டார்.

நேராக மாடிக்குப் போனான். "ஜேட்டு, இந்த வயசுல உங்களக் கஷ்டப்படுத்தி நான் என்னத்தக் கட்டிக்கப் போறேன்? ஊருக்கே போயிடறேன்" என்று கண் கலங்கினான். சைதன்ய பாபுவும் கண் கலங்கினார். பேரம்கூடப் பேசாமல் கேட்டதைத் தர ஒப்புக்கொண்டார். அட, இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேட்டிருக்கலாமே என்று மணிவேலுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

கிளம்பும் நாள் காலையில் மாடியில் கையெழுத்து. ஒரு வக்கீல் வந்திருந்தார். சாட்சிக் கையெழுத்துப் போட, வெளியூரிலிருந்து வந்திருந்த சைதன்ய பாபுவின் மாப்பிள்ளை லுங்கியோடு உட்கார்ந்திருந்தான். மணிவேல் நமஸ்காரம் சொன்னதற்கும் தலையாட்டல், சௌக்கியமா என்றதற்கும் தலையாட்டல். போயும் போயும் இந்த ஊமைக் கோட்டானுக்கா கிழவர் பெண்ணைக் கொடுத்தார் என்று மணிவேல் பரிதாபப்பட்டான்.

பெட்டியில் எடை கூடிப்போனதால் ஜெயப்ரியா கம்பளிக் கோட்டை உடம்பிலேயே மாட்டிக்கொண்டு நின்றாள். வெளியே மே மாத வெயில் கொளுத்தியது.

"என்னம்மா, உங்க கோயம்புத்தூர்ல இப்போ அவ்வளவு குளிரா?" என்றார் சைதன்ய பாபு.

ஜெயப்ரியா திருதிருவென்று விழித்தாள்.

"ஊட்டிக் காத்து, ஜேட்டு! மலையை விட்டு இறங்கினா நேரா எங்க தெருவுக்குத்தான் வரும்" என்று முந்திக்கொண்டான் மணிவேல். என்ன மூளை, என்ன மூளை! தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளக் கை எட்டவில்லை, அவ்வளவுதான் குறை.

"பாத்தும்மா, ஜலதோஷம் பிடிச்சிடப் போகுது" என்றார் கிழவர் உருக்கமாக. பணத்தோடு ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பும் கொடுத்தார். "எங்க இருந்தாலும் நல்லா இரு, மோனி" என்றார் மணிவேலிடம்.

மணிவேல் சாவியை அவர் கையில் வைத்தான். காலிலும் விழுந்தான். விழுந்தபோது சிரிப்பை அடக்கத்தான் சிரமமாக இருந்தது.

கீழே டாக்ஸியில் பெட்டிகளை ஏற்றியாயிற்று. ஜெயப்ரியா வேர்த்து விறுவிறுத்துப் பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். மணிவேல் வண்டியின் மறைவில் நின்று போனை எடுத்தான். வீட்டுச் சாவியைக் கொடுத்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஏர்போர்ட்டுக்கு ஆளை அனுப்புகிறேன் என்று தீபக் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஐரோப்பாக்காரனிடம் வேலை பார்த்தாலே ஒரு ஒழுங்கு வந்துவிடுகிறது பார் என்று மணிவேல் அப்போதே வியந்திருந்தான்.

ரெண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சார், எல்லாம் முடிஞ்சது! கையெழுத்துப் போட்டாச்சு, சாவியும் குடுத்தாச்சு."

"கங்கிராஜுலேஷன்ஸ், மிஸ்டர் மணிவேல்!" என்றார் தீபக், வலது காதுக்குப் போனிலிருந்தும், இடது காதுக்கு மாடி வராந்தாவில் லுங்கியோடு நின்ற மாப்பிள்ளையின் வாயிலிருந்தும்.