கரும்புகை

அக்கா எஞ்சினுக்கு அந்தப் பக்கம் நின்றாள். நான் இந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்து நட்டுகளைக் கழற்றினேன்.

படகுத்துறைக் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் கிடந்தது, அத்தானின் படகிலிருந்து இறக்கிய டீசல் எஞ்சின். அத்தானை அடக்கம் செய்து ஒன்பது நாளாகிறது.

நடு ஆற்றில் எஞ்சின் நின்றுபோய், படகு பாலத்தூணில் மோதிக் கவிழ்ந்தது. அதற்கு முன் அது கரும்புகை கக்கியதைப் பின்னால் வந்த படகுக்காரர் பார்த்திருக்கிறார்.

டீசல் எஞ்சினின் நோயைப் புகையை வைத்தே சொல்லிவிடலாம். காலையில் கிளப்பும்போது கொஞ்சம் வெள்ளை வரும், சூடானதும் போய்விடும், அது சகஜம். நீலம் வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புக்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். சுமை கூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் காற்று குறைந்திருக்க வேண்டும்.

ஊர் சுமையைப் பிடித்துக்கொண்டது, காசுக்காக அளவுக்கு மீறி ஏற்றிவிட்டார் என்று. பேராசை பெருநஷ்டம் என்றார்கள், அதுவும் சாவு வீட்டு வாசலிலேயே. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"அவரு மேல தப்பில்லன்னு மட்டும் இன்னிக்கு எழுதி வாங்கிடணும்டா," என்று வரும் வழியெல்லாம் அக்கா சொன்னாள். ஒன்பது நாளில் அவள் பேசியது அது ஒன்றுதான்.

நோட்டுடன் பக்கத்தில் நின்ற விசாரணை அதிகாரி ஊருக்குப் புதியவர். ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவரச் சொல்லியிருந்தார். அக்கா தம்பி என்னையே கூட்டிவந்துவிட்டாள். அவர் உறவைக் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

அத்தானுக்கு எஞ்சினைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்று: டீசல் ஊற்றினால் ஓடும். ஸ்பேனரைக் கரண்டி மாதிரி பிடிக்கிறார் என்று அவரைக் கல்யாணமான புதிதிலிருந்து கேலி செய்து வந்திருக்கிறேன்.

ஏர் ஃபில்டரைத் திறந்தேன். அடைப்பில்லை. அதை அடுத்த குழாயைக் கழற்றினேன். வளைவில் ஏதோ தடுத்தது. குறடால் பிடித்து இழுத்தேன்.

துணி.

குழாயைக் கழற்றி வேலை பார்க்கும்போது தூசி விழாமலிருக்க அதன் வாயில் துணி அடைப்போம். மாட்டும்போது ஞாபகமாக எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால், மெதுவாக ஓடும்வரை தெரியாது. வேகம் கூட்டியதும் எஞ்சின் துணியை உள்ளே உறிஞ்சித் தன் மூச்சைத் தானே அடைத்துக்கொள்ளும்.

மஞ்சள் பூப்போட்ட தலையணை உறை, பாதியாகக் கிழித்தது. பழந்துணியை எல்லாம் மூட்டை கட்டி அக்கா என் பட்டறைக்குத்தான் அனுப்புவாள்.

எனக்கு அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. கையில் ஓர் ஈரத்துணி இருந்தது, அவ்வளவுதான்.

அக்கா அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

கடைசியாக எஞ்சினைப் பிரித்தது யார் என்று அதிகாரி கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன்.

"அவரேதான் சார்," என்றாள் அக்கா. "எஞ்சின்ல வேற யாரையும் கை வைக்க விடமாட்டாரு."

ஓட்டியவரின் கவனக்குறைவு என்று அதிகாரி எழுதினார். அக்கா ஒரு முறை வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

சாட்சிக்கு மெக்கானிக்கும் போட வேண்டும் என்றார்.

போட்டேன்.